வால்வுக்குப் பக்கத்தில் நின்றவள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வரி இல்லாவிட்டால் "படிச்ச திமிரு" என்பாய், அதனால் முதலிலேயே போட்டுவிட்டேன். அத்தானையும் கேட்டதாகச் சொல்.

என் ஆய்வுக் கட்டுரை கல்லூரிக் கருத்தரங்குக்குத் தேர்வானது. இளங்கலையில் என்னுடையது மட்டும்தான், மற்றதெல்லாம் பெரிய வகுப்புக்காரர்களுடையது. போன வாரம் மேடை ஏறிப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கக் குரல் நடுங்கியது, இரண்டாம் பக்கத்தில் சரியாகிவிட்டது.

அரசியல் தத்துவம், நீதிக் கோட்பாடு என்று சொன்னாலே "அதுல கோர்ட்டு வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறாய். கிடைக்காது. எங்கள் வழிகாட்டி மேடம் முதல் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தார். ஹாஸ்டல் குளியலறைக்கு யார் எப்போது போவது என்று விதி எழுதச் சொன்னார். மாடி அறைக்காரிகள் மாடிக்குச் சாதகமாக எழுதினார்கள், கீழே இருப்பவர்கள் கீழ்த்தளத்துக்கு. பிறகு, "எல்லா அறையையும் குலுக்கிப் போடப் போகிறேன், யாருக்கு எது என்று கடைசியில்தான் தெரியும், இப்போது எழுதுங்கள்" என்றார். அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் உத்தமிகள் ஆகிவிட்டோம். நாம் யாராக இருக்கப் போகிறோம் என்று தெரியாதபோதுதான் நியாயமாக யோசிக்க வருகிறது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

நூலகத்தில் நான் புரட்டிய கோட்பாடு எல்லாம் விதி எழுதுகிறவரைப் பற்றியே பேசுகிறது. விதியை எழுதியவர் வேறு யாரோ, ஆனால் நிறைவேற்றுகிற கை இவருடையது, அப்படிப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்? அதுதான் என் கேள்வி. அதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது.

இனிமேல் கோபப்படாமல் படி. எனக்குக் காய்ச்சல் என்று நீ வந்திருந்தபோது, நீ வார்டராக இருக்கும் சிறையில் நடந்த ஒன்றைச் சொன்னாயே. அந்தத் தையல்காரியைத் தனி அறையில் போட்டு, வெளியே இருக்கும் வால்வைத் திருகித் தண்ணீரை நிறுத்தச் சொன்னார்கள் என்று. நீ உன் ட்யூட்டியில் யாருக்கும் தெரியாமல் திறந்துவிட்டு, அவள் வாளி நிறைந்ததும் மூடிவிட்டதையும் சொன்னாய். அதை எடுத்துக்கொண்டேன். ஆனால் யாருக்கும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டேன். பெண்கள் சிறையை ஆண்கள் சிறை ஆக்கினேன். வார்டரை ஆண் ஆக்கினேன். தையல்காரியைத் தச்சர் ஆக்கினேன். "ஒரு சிறைக் காவலர் நேரில் சொன்னது" என்று அடிக்குறிப்பு மட்டும் போட்டேன். மூலம் இல்லாமல் எழுதினால் எங்கள் துறையில் கட்டுரையைத் தொடவே மாட்டார்கள்.

கேட்க வந்தவர்களில் ஒரு வக்கீல் அம்மா இருந்தார். கைதிகளுக்காக வழக்கு நடத்துபவராம். முடிந்ததும் என்னிடம் வந்து, "இது நடந்ததா?" என்று கேட்டார். நான் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போடி" என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் சண்டை உடனே வந்துவிடுகிறது. கடிதத்தில் வர இரண்டு நாளாவது ஆகும்.

உன் தங்கை


பிப்ரவரி 12

வாயாடிக்கு,

ஒண்ணுமில்ல போடி என்று எழுத முடியவில்லை.

அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் இருந்தது கருகி அத்தான் ஓடிவந்து அணைத்தார். "என்னவாம் உன் தங்கச்சிக்கு?" என்றார். பரிசு வாங்கியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆண் ஆக்கினாய், தச்சர் ஆக்கினாய். வால்வை என்ன ஆக்கினாய்? உள்ளே இருக்கும் குழாய்க்கு வெளியே வராந்தாச் சுவரில் வால்வு வைத்த சிறை வேறு எங்கே இருக்கிறது? எப்போதோ குழாய் வெடித்து அறையெல்லாம் தண்ணீர் ஆனபோது, ஒரு பிளம்பர் அவசரத்துக்கு அப்படி வைத்துவிட்டுப் போனது. பச்சைக் கைப்பிடி. நீ பச்சை என்றுகூட எழுதியிருக்கிறாய். உன் ஞாபகசக்தியில் இடி விழ. அந்த வராந்தாவில் மூன்று ஷிப்டு, மூன்று பேர். ஒருத்தி எங்கள் கண்காணிப்பாளரின் சொந்தக்காரி. கண்காணிப்பாளரை நாங்கள் அம்மையார் என்போம், முகத்துக்கு நேராக மேடம் என்போம். இன்னொருத்தி அந்த வாரம் பிரசவ விடுப்பில் இருந்தாள். மிச்சம் யார் என்று உன் தத்துவத்தை வைத்துக் கண்டுபிடி.

அடிக்குறிப்பு வேறு. திருடன்கூடத் தடயத்தை விட்டுப் போனால் தெரியாமல்தான் விடுவான். நீ எண் போட்டு விட்டிருக்கிறாய்.

இதெல்லாம் கிடக்கட்டும். "இந்தக் காவலர் செய்தது அரை நீதி. ஒரு வாளித் தண்ணீரில் தன் மனசாட்சியை மலிவாக வாங்கிக்கொண்டு, அநீதியை அப்படியே விட்டுவிட்டார்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? மலிவாம். நீ விலை கேட்டாயா? காய்ச்சலில் கிடந்தவளின் நெற்றியில் துணி போட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னதை, நீ மனதுக்குள் திருத்தி மதிப்பெண் போட்டிருக்கிறாய்.

அந்தத் தையல்காரி இன்னும் விசாரணைக் கைதிதான். அவள் குற்றம் செய்தாளா என்பதே முடிவாகவில்லை. "என் கேஸ் ஏன் தள்ளிப்போய்க்கிட்டே இருக்கு?" என்று பார்வையிட வந்த பெரியவர்களிடம் கேட்டுவிட்டாள். அதற்குத்தான் அந்தத் தண்டனை. ஒரு கேள்விக்கே அப்படி என்றால், ஒரு கட்டுரைக்கு என்ன என்று நீயே யோசித்துக்கொள்.

கட்டுரையைத் திரும்ப வாங்கு. அந்த வக்கீல் அம்மாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நட. போன் பண்ணாதே. குவார்ட்டர்ஸ் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் பல் துலக்குவதுகூட இங்கே கேட்கும்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நூலகத்தில் கடைசி மேஜையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் சுற்றிப் பார்த்தேன். இதுவரை நான் அப்படிச் சுற்றிப் பார்த்ததில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்க முடியாது. வக்கீல் அம்மா அதையும் சேர்த்து மனு போட்டுவிட்டார், உங்கள் சிறையின் பெயரைச் சொல்லியே. நான் சொல்லவில்லை, சத்தியமாக நான் சொல்லவில்லை. உங்கள் சிறையிலிருந்து விடுதலையான ஒருத்தி பச்சை வால்வைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். சாட்சிதான் இல்லாமல் இருந்ததாம். என் அடிக்குறிப்பைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை நடத்த உத்தரவாகியிருக்கிறது.

மலிவு என்று எழுதியபோது என் கண் முன்னால் நீ இல்லை. "காவலர்" என்று ஒருவர் இருந்தார், அவருக்கு முகம் இல்லை. மன்னித்துவிடு. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சொல்லவே பயமாக இருக்கிறது. அந்த வாதத்தில் எனக்கு இன்னும் பிழை தெரியவில்லை. வால்வைத் திறந்தால் ஒரு வாளித் தண்ணீர். வாயைத் திறந்தால் இனி அந்த வால்வை யாரும் மூட முடியாது. நீ விசாரணையில் சொல்லிவிடேன் அக்கா. நீதிபதி இருக்கும்போது அவர்களால் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிவிட்டு நானே நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், நேற்று எங்கள் துறை அட்டெண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, உன்னைப் பத்தி ஒருத்தர் விசாரிச்சாரு. வீட்டுல யாராவது ஜெயில் வேலையில இருக்காங்களான்னு கேட்டாரு. நல்ல சட்டை போட்டிருந்தாரு, பேச்சு அதைவிட நல்லா இருந்துச்சு. எனக்கு என்னமோ பிடிக்கலை" என்றார். அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "எனக்கு என் வீட்டுல யாரு எங்க வேலை செய்யறாங்கன்னே தெரியாது சார்னு சொன்னேன்" என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனாலும் இப்போதெல்லாம் அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். அறைத்தோழி கேலி செய்கிறாள். நான் எதையும் விளக்கவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 22

வாயாடிக்கு,

நீதிபதி இருக்கும்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டாய். நீதிபதி வந்து போவார். நான் இங்கேயே இருப்பேன்.

முந்தாநாள் எங்கள் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, உன் கட்டுரையை, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரை விட்டு முழுசாகப் படிக்க வைத்தார் அம்மையார். உன் தமிழ் ரைட்டர் வாயில் படாத பாடு பட்டது. "அறவியல் கடப்பாடு" என்கிற இடத்தில் மூன்று தடவை தடுக்கி விழுந்தார். வேறு நாளாக இருந்தால் நாங்கள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்திருப்போம். பச்சைக் கைப்பிடி என்று வந்ததும் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எல்லாரும் குனியும்போது குனியாதவள்தான் மாட்டுவாள்.

மறுநாளே பிளம்பர்கள் வந்தார்கள். இப்போது வராந்தாவில் வால்வு எதுவும் இல்லை, ஈரச் சிமென்ட்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பம்ப் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அறைச் சாவி அம்மையாரின் இடுப்பில்.

பிறகு என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். "தங்கச்சி நல்லா படிக்கிறாளாமே?" என்றார். ஆமாம் மேடம் என்றேன். "வயசுப் பொண்ணுங்க தனியா ஹாஸ்டல்ல இருக்கறது எவ்வளவு கவலை, இல்ல?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது எனக்குக் காவல் கோபுரத்தில் ட்யூட்டி. மேலே நான் மட்டும். சாப்பிடப் போனால் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. கோபம் எல்லாம் இல்லை, பயம். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போயிருப்பேன்.

எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்தான். வேலையோடு வீடும் போகும். ஆனால் அந்த டீயைக் குடித்ததிலிருந்து வேலையைப் பற்றி நினைப்பதே இல்லை. உன் அறைக்கதவைத்தான் நினைக்கிறேன். அந்த நாற்காலி தாங்குமா?

நீ ஒரே ஒரு காரியம் செய். அந்தக் காவலர் என்று யாரும் இல்லை, வால்வு உன் கற்பனை என்று கல்லூரியில் எழுதிக் கொடு. கற்பனை என்றால் யாரையும் தேட மாட்டார்கள். உன் படிப்புக்கு அது கெடுதல் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையாவது நீ கேட்டிருக்கிறாயா? இதையாவது கேள்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

செய்துவிட்டேன்.

ஒரு வாரம் இழுத்தடித்தேன். காலையில் எழுதுவேன், மதியம் கிழிப்பேன். கடைசியில் நேற்று, அட்டெண்டர் சொன்ன அந்தச் சட்டைக்காரரை நானே பார்த்தேன். ஹாஸ்டல் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்று, என் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். அப்படியே துறைக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

துறைத் தலைவர், மேடம், இன்னொருவர், மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கற்பனைன்னா அடிக்குறிப்பு எதுக்கு?" என்று துறைத் தலைவர் கேட்டார். கட்டுரைக்கு வலு சேர்க்க என்றேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆய்வை ரத்து செய்துவிட்டார்கள். இந்த ஆண்டை நான் மறுபடி படிக்க வேண்டும். என் கடிதத்தின் நகலை விசாரணைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்புங்கள் சார் என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே வந்து அழுதேன். பிறகு பசித்தது, கேன்டீனில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தேன். அவ்வளவு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

அந்தக் குலுக்கல் விளையாட்டில் நாங்கள் எல்லாரும் உத்தமிகள் ஆனோம் என்று எழுதினேனே. பயம் வரும்போது நான் யாராக இருப்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, பிடிக்கவில்லை.

அந்தத் தையல்காரி எப்படி இருக்கிறாள் என்று எழுது. வேண்டாம், எழுதாதே.

உன் தங்கை


மார்ச் 2

அவசரம். முதலில் இந்த வரியைப் படி. நான் எழுதிக் கொடுக்கச் சொன்னதை எழுதிக் கொடுக்காதே.

விசாரணை இன்று தொடங்கியது. பார்வையாளர் கூடத்தில் மேஜை போட்டு நீதிபதி உட்கார்ந்தார். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தியும் போய், "அப்படி எதுவும் நடக்கலை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். நானும் அதே வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

எனக்கு முன்னால் தையல்காரியைக் கொண்டுவந்தார்கள். "உன் அறையில தண்ணியை நிறுத்தினாங்களா?" என்று நீதிபதி கேட்டார். அவள் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் கண் நின்றது. உடனே திருப்பிக்கொண்டாள். "இல்லைங்க ஐயா, தண்ணி வந்துச்சு" என்றாள். "பயப்படாம சொல்லும்மா" என்றார். "எப்பவும் வந்துச்சுங்க ஐயா."

அவள் யாருக்காகப் பொய் சொன்னாள் தெரிகிறதா? தண்ணீர் நின்றது என்று சொன்னால், பிறகு எப்படி உயிரோடு இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அது என்னில் வந்து முடியும். உதடு வெடித்துக் கிடந்தவள் அவள். நான் வாளியை நிரப்பியபோது முதலில் குடிக்காமல் முகத்தை அதற்குள் விட்டவள். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள், நான் வரிசையில் நிற்கிறேன்.

என் முறை வந்தது. வாய் "அப்படி எதுவும்" வரைக்கும் சொல்லிவிட்டது. அதற்குமேல் வரவில்லை. "மூடச் சொன்னாங்க ஐயா. நான்தான் திறந்துவிட்டேன்" என்றேன். இதை முன்பே யாரிடமாவது சொன்னதுண்டா என்று நீதிபதி கேட்டார். என் தங்கச்சிகிட்ட சொன்னேன் ஐயா என்றேன். "அவங்க வந்து சொல்லுவாங்களா?" என்றார். "சொல்லுவா ஐயா. அவளுக்குப் பொய் சொல்ல வராது" என்றேன்.

பதினொன்றாம் தேதி காலை உன்னைக் கூப்பிடுவார்கள். நான் சொல்வதற்கு வேறு சாட்சி இல்லை, நீ ஒருத்திதான். போன கடிதத்தில் உளறியதை நீ செய்திருக்க மாட்டாய். நான் சொல்லி நீ எதைச் செய்திருக்கிறாய்? உன் பிடிவாதத்தை இத்தனை வருடம் திட்டியதற்கு எல்லாம் சேர்த்து இன்றைக்கு நன்றி.

என் போனையும் அத்தான் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தான் இதை இங்கே போடாமல் அடுத்த ஊர்த் தபால்பெட்டியில் போடப் போகிறார்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உன் கையில் இருக்கும்.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன் அக்கா. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

உன் கடிதம் வந்ததும் துறைக்கு ஓடினேன். நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் தாருங்கள், அது பொய் என்றேன். "கையெழுத்து உன்னுதுதானே?" என்றார் துறைத் தலைவர். நகல் விசாரணைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீ சொன்னதைப் பொய் என்று நிரூபிக்க அவர்கள் வேறு யாரையும் தேட வேண்டியதில்லை, நானே எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன்.

மேடம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் பேசினார். இரண்டு விதமாகச் சொன்னவளை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். பொய்ச் சாட்சி என்று என்மேலேயே வழக்குப் போடலாம், கல்லூரியை விட்டே நீக்கலாம் என்றார். "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு ரூம்லயே இரு. யாரும் உன்னை வற்புறுத்த முடியாது" என்றார். அவர் நல்லவர் அக்கா. அந்த விளையாட்டை வைத்தவர் அவர்தான். அவரே இப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிடம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சட்டைக்காரர் இப்போது ஜெராக்ஸ் கடையில் நிற்பதில்லை. ஹாஸ்டல் கேட்டிலேயே நிற்கிறார். வாட்ச்மேனோடு கிரிக்கெட் பேசுகிறார்.

வர வேண்டும் என்று தெரிகிறது. நூறு பக்கம் எழுதித் தரச் சொன்னாலும் வர வேண்டும் என்றுதான் எழுதுவேன். உடம்புதான் கேட்கமாட்டேன் என்கிறது. பையில் துணியை வைக்கிறேன், எடுக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல் அக்கா. வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 8

வாயாடிக்கு,

வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். போன தடவை ஒன்று சொன்னேன், நீ செய்துவிட்டாய். இரண்டு பேருக்கும் அது போதும்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீ கல்லூரியில் எழுதிக் கொடுத்ததை என்னை நிற்க வைத்தே படித்தார்கள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நீதிபதி என்னைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராதுன்னீங்களே?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தான் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கண்ணாடி டம்ளர் எல்லாம் எங்க வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் நான் அழுதேன்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்திருக்கும், அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நேற்று காய்கறிக் கடையில், இப்போது வேலைக்குத் திரும்பிவிட்ட அந்தப் பிரசவ விடுப்புக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "அவளை மறுபடி தனி அறையில போட்டுட்டாங்கக்கா. குழாய் வரலை" என்றாள். காசைக் கொடுத்துவிட்டுத் தக்காளியை எடுக்காமலே போய்விட்டாள்.

வால்வு பம்ப் அறைக்குள், சாவி இடுப்பில், நான் மதிலுக்கு வெளியே. முன்பு ஒரு கையாவது இருந்தது. வாயைத் திறந்தால் யாரும் மூட முடியாது என்று எழுதினாய். திறந்துதான் பார்த்தேன். ஒரு வாய் போதவில்லை.

பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்தில், மேல்மாடி. சாட்சிகளைத் தனித்தனி அறையில் வைக்கிறார்கள், அதனால் நீ வந்தாலும் எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் நீ என் தங்கச்சிதான்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் நீ இருப்பதாக இங்கே இருக்கும் பியூன் சொன்னார். பேசக் கூடாதாம். எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தபிறகு உன்னிடம் கொடுப்பதாகச் சொன்னார். தாளும் அவர் கொடுத்ததுதான். நீ இதைப் படிக்கும்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

சட்டைக்காரர் என் பஸ்ஸிலேயே வந்தார். இப்போது கதவுக்கு வெளியே, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டுப் பாட்டிலை நீட்டினார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது பொய் சொன்னாய், அன்றைக்கா, இன்றைக்கா? பயந்துபோய் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் இன்றைக்குத்தான் அதைவிடப் பயமாக இருக்கிறது. பயத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்குச் சொல்வதுதான் பெரிய பொய்யாக இருக்க வேண்டும். நீதிபதி இதை எப்படிப் புரிந்துகொள்வார்? நானாக இருந்தால் என்னை நம்புவேனா?

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காது அடைக்கிறது. படியில் யார் ஏறினாலும் எனக்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. எழுந்து ஓடிவிட இந்தக் கதவு ஒன்றுதான், அது திறந்துதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைப் பற்றி அத்தனை பக்கம் எழுதினேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் வராத நேரம் பார்த்து அந்த வராந்தாவில் நீ தனியாக நடந்து போனபோது, உனக்கும் இப்படித்தான் இருந்ததா? இவ்வளவு இருந்ததா? இவ்வளவையும் வைத்துக்கொண்டா அக்கா மறுநாளும் போய்த் திறந்தாய்?

கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்துவிட்டேன்.